இரண்டாம் அளவில் மூன்றாவது ஆள்

ஜூன் 12, திங்கள்

இன்று கையெழுத்துப் போட்டேன். மொத்தம் பதினொரு பக்கம். இவர் சாட்சி.

இருபத்தொன்பது வருஷம் டூர் டைரி எழுதிய பழக்கம் விடவில்லை, அதனால் இந்த நோட்டு. யார் கையிலாவது போய்ச் சேர்ந்தால் குழம்பக் கூடாது, ஒரு முறை எழுதிவிடுகிறேன். நான் துளசிமணி, வயது அறுபத்தொன்று. எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைக்காரர்களுக்கு 'தராசு மேடம்'. இவர் என்றால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன், கால்நடை ஆய்வாளராக இருந்தவர். கோயமுத்தூர் கவுண்டம்பாளையத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பிள்ளைகள் இல்லை.

ஏப்ரலில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன் உள்சுவரில் தொடங்கிய புற்று வயிற்றுக்குள் தூவிவிட்டது போலப் பரவியிருந்ததாம். கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தாயிற்று. படாதது இருக்கும்.

டாக்டர் உமையாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "நரம்பு வழியா ஏத்துற மருந்து வயித்துக்குள்ள இருக்கிற பொடிப்பொடிக்குப் போய்ச் சேர்றது கம்மி. அதனால வயித்துக்குள்ளேயே நேரா விடுறோம், ரெண்டு மருந்து சேர்த்து. எந்த அளவு வரைக்கும் உடம்பு தாங்கும்னு தெரியாது. அதைப் பாக்கத்தான் இந்தச் சோதனை."

"குணமாயிருமுங்களா?" என்று இவர் கேட்டார்.

"ஆகும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

மூன்று மூன்று பேராக எடுக்கிறார்கள். முதல் மூவருக்குக் குறைந்த அளவு. அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மூவருக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் மூன்றாவது ஆள் நான். எங்களுக்கும் ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்து வரும் மூவருக்கு இன்னும் கூடுதல்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஒழுங்காக இருக்கிறது.

ஜூன் 14, புதன்

வலது விலாவுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்ன மூடி மாதிரி வைத்துத் தைத்துவிட்டார்கள். போர்ட் என்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் வயிற்றுக்குள் போகிறது. இனிமேல் ஊசி எல்லாம் அதில்தான். தொட்டால் கீழே கடினமாக ஒரு வட்டம் தட்டுப்படுகிறது. இவர் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத் தச்சிருக்காங்க" என்றார். மாடுகளுக்குத் தையல் போட்ட அனுபவம்.

ஜூன் 19, திங்கள்

முதல் நாள் மருந்து. இளஞ்சூடாக இரண்டு லிட்டர் வயிற்றுக்குள் இறங்கியது. வலி இல்லை, பாரம்தான். வயிறு குடம் மாதிரி ஆகிவிட்டது. மூச்சு மேலே மேலே வாங்கியது. பிறகு வலது பக்கம் பதினைந்து நிமிஷம், இடது பக்கம் பதினைந்து நிமிஷம், மல்லாக்க, மறுபடி வலது. மருந்து எல்லா மூலைக்கும் போக வேண்டுமாம். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நர்ஸ் வருவதற்கு முன்னாலேயே என்னைத் திருப்பிவிட்டார்.

சோதனைக்கு என்று ஒரு நர்ஸ் தனியாக இருக்கிறாள். பெயர் வினோலியா, நாகர்கோவில் பக்கம். தினமும் நிரப்ப ஒரு படிவம் கொடுத்தாள். வயிற்று வலி, குமட்டல், விரல் மதமதப்பு, காது இரைச்சல் என்று வரிசையாக இருக்கிறது. எதிரே பூஜ்யத்திலிருந்து நான்கு வரை எண்கள். எது பொருந்துமோ அதை வட்டமிட வேண்டும்.

"உண்மையா எழுதுங்கம்மா. நல்லபடியா எழுதணும்னு நினைக்காதீங்க" என்றாள்.

என்னிடம் போய் இதைச் சொல்கிறாள்.

ஜூன் 21, புதன்

குமட்டல் 2. வயிற்று வலி 1. மற்றவை 0.

வார்டு ஏசியில் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கிறது. பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும்.

ஜூன் 26, திங்கள்

இரண்டாவது மருந்து. எட்டாம் நாள் இது. மறுபடியும் குடம், மறுபடியும் திருப்பல். மூன்று வாரம் ஒரு சுற்று. மொத்தம் ஆறு சுற்று. கடைசிச் சுற்று முடிய அக்டோபர் ஆகும். ஆறும் முடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

தலைமுடி கையோடு வந்துவிட்டது. இவர் கூட்டி அள்ளினார்.

இரண்டு டம்ளர் கை நழுவி விழுந்தது. இவர் ஏதோ புது சோப்பு வாங்கி வந்திருக்கிறார், பாத்திரமெல்லாம் வழுக்குகிறது.

படிவம்: குமட்டல் 1, மற்றவை 0.

ஜூலை 10, திங்கள்

இரண்டாம் சுற்று. ரத்தத்தில் புற்றைக் காட்டும் அளவு ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் 412. இன்று 96. டாக்டர் உமையாள் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இதை வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க" என்றார். சரி என்றேன்.

தொண்ணூற்றாறு!

வீட்டுக்கு வரும் வழியில் இவரை வண்டியை நிறுத்தச் சொல்லி முருங்கைக்காய் வாங்கினேன். சாப்பிட முடியவில்லை. ஆனாலும் சாம்பார் வைத்தேன்.

ஜூலை 14, வெள்ளி

இவர் இப்போதெல்லாம் முணுமுணுத்துப் பேசுகிறார். எதையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. வயதாகிறது. பல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "என்ற பல்லுக்கு என்னாச்சு?" என்று திருப்பிக் கேட்டார். அதுவும் இரண்டாவது முறைதான் புரிந்தது.

ஜூலை 17, திங்கள்

இரண்டாவது மருந்து, இரண்டாவது முறை. வயிற்றில் பிடிப்பு வலி, 3 என்று வட்டமிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஜூலை 21, வெள்ளி

மாலை பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்தோம். பத்து வீடு தாண்டியிருப்போம். "துளசி, உன்ற ஒரு செருப்பு எங்கே?" என்றார் இவர். பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. கோயில் வாசலிலேயே ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இருவரும் சிரித்தோம். இவர் திரும்பிப் போய் எடுத்து வந்தார்.

என் ஞாபகமறதியைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

ஜூலை 25, செவ்வாய்

இந்த ஜாக்கெட்டுகளின் கொக்கி மட்ட ரகம். ஒன்று மாட்ட ஐந்து நிமிஷம். இவர் குளியலறைப் பக்கம் வந்தவர், நான் கேட்காமலேயே மாட்டிவிட்டுப் போனார். நாளையிலிருந்து வீட்டில் நைட்டிதான்.

வினோலியா போன் பண்ணினாள். பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏம்மா, யாருக்காவது விரல் மரத்துப் போச்சுன்னா என்ன செய்வீங்க?"

"எவ்வளவுன்னு பாப்போம். லேசுன்னா மருந்து குறைப்பாங்க. பட்டன் போட முடியல, சாப்பாடு பிசைய முடியலன்னா அந்த மருந்தையே நிறுத்திடுவாங்க. அடுத்த குரூப்புக்கு அளவு கூட்டுறதையும் யோசிப்பாங்க. உங்களுக்கு இருக்காம்மா?"

"எனக்கு இல்லை. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

ஜூலை 31, திங்கள்

மூன்றாம் சுற்று. டாக்டர் உமையாள் வழக்கமான கேள்விகள் கேட்டார். "விரல், பாதம்?" ஒன்றுமில்லை. "காது?" அவர் பேசும்போது வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ஒன்றுமில்லை. ரத்த அளவு 41.

இன்று பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மெகருன்னிஸா, வயது நாற்பத்தாறு, மேட்டுப்பாளையம். எனக்கு வந்த அதே நோய். அடுத்த மூவரில் முதல் ஆளாக அவளைக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க வந்தாளாம். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்து ப்ளவுஸ் தைக்கிறாள். கணவர் இல்லை. மகள் காலேஜில்.

என் வயிற்றில் தண்ணீர் இறங்குவதை, நான் வலமும் இடமுமாகத் திரும்புவதை எல்லாம் கண் கொட்டாமல் பார்த்தாள். என்னைத் திருப்ப இவருக்கு ஒரு கை பிடித்தாள். பயப்படுகிறவள் இல்லை. நிறையப் பேசுகிறாள்.

"அக்கா, போர்ட் இருக்கிற பக்கம் தையல் உரசுது பாருங்க. உங்களுக்கு நான் ஒரு ப்ளவுஸ் தச்சுத் தர்றேன். முன்னாடி கொக்கி வேண்டாம், நாடா வச்சிடலாம்."

அவள் கண் துணியிலிருந்து என் கைக்கு வந்தது. நான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை நழுவியது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. விரல் மரத்துப் போகுமாம்ல இந்த மருந்துல? அந்தப் பேப்பர்ல போட்டிருக்கு. எனக்குச் சோறு போடுறதே இந்த விரலுங்கதான். உங்களுக்கு எப்படி இருக்கு?"

இவர் அப்போது ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லையே" என்றேன். "குமட்டல் இருக்கும். வயிறு வலிக்கும். அது தாங்கலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள். அவள் முகத்திலிருந்த இறுக்கம் அப்படியே போய்விட்டது.

இன்றைய படிவம்: வயிற்று வலி 2, குமட்டல் 1, மற்றவை 0.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

மெகர் போன் பண்ணினாள். என் நம்பரை அன்றைக்கே வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கிழமை எனக்கு முதல் மருந்து. வெள்ளிக்கிழமை டாக்டருங்க எல்லாம் கூடிப் பேசி, உங்க மூணு பேரு கணக்கைப் பாத்துட்டு, எங்களுக்குக் கூட்டுன அளவு சரின்னு சொல்லிடுவாங்களாம். மக வேண்டாம்னா. நான்தான் சொன்னேன், துளசியக்கா மூணு சுற்று வாங்கியிருக்காங்க, அவங்களே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கன்னு. அதுக்கப்புறம்தான் அவ சரின்னா."

நல்லது என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பகுதி முழுக்கக் கேட்டது.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலையில் ரசம் தாளித்தேன். வாணலியை இடுக்கி இல்லாமல் பிடித்து இறக்கிவைத்துவிட்டு, கொத்தமல்லி கிள்ளப் போனேன். இவர் சமையலறைக்கு வந்தவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே ஒன்றும்.

குழாயடியில் என் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம். தண்ணீர் கையில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

"எத்தனை நாளா?" என்றார்.

"என்ன?"

இந்த முறை என் முகத்துக்கு நேரே, மெதுவாக, சத்தமாகச் சொன்னார். "துளசி, நான் முப்பத்திரண்டு வருஷம் மாடு பாத்தவன். மாடு வாயைத் திறந்து சொல்லாது. நடையைப் பாத்து, அது தீனி எடுக்கறதைப் பாத்து, நாமதான் கண்டுபிடிக்கோணும். டம்ளர் விழுந்தப்பவே தெரியும். செருப்பு விட்டப்பத் தெரியும். நான் முணுமுணுக்கலை. உனக்குத்தான் கேக்கறதில்லை."

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லலை?"

அவர் குழாயை மூடினார். "நீ வேணும்னு எனக்கும் ஆசைதான்."

அப்புறம் இருவரும் ரசம் சாதம் சாப்பிட்டோம். எனக்கு ஸ்பூன் எடுத்துவைத்தார். இத்தனை நாள் ஸ்பூனில்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

எழுதியே விடுகிறேன். ஜூலை 4 முதல் விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. இப்போது மணிக்கட்டு வரை. பாதத்தில் சாக்ஸ் போட்டது போல ஒரு உணர்ச்சி, கழற்ற முடியாத சாக்ஸ். முதல் மருந்து இறங்கிய மூன்றாம் நாளிலிருந்து காதுக்குள் சில்வண்டு. பக்கத்து வீட்டில் மோட்டார் ரிப்பேராகி மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தொரு நாள் படிவத்தில் பூஜ்யத்தை வட்டமிட்டிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் தெரிந்தே. சொன்னால் நிறுத்திவிடுவார்கள். 412, 96, 41. அடுத்து எவ்வளவு என்று பார்க்க ஆசை. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

எடையில் கை வைத்த வியாபாரிகள் எவ்வளவோ பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். யாரையும் நான் விட்டதில்லை. அவர்கள் சொன்ன காரணங்களை உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

மாலை நான்கு மணிக்கு இவரிடம் சொன்னேன்: "காலைல நேரத்தோட கிளம்போணும்."

"எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்றார். யோசித்துவைத்திருந்தார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. நாங்கள் ஒன்பதுக்கே போய்விட்டோம். வினோலியா எங்களைப் பார்த்ததும், "இன்னைக்கு உங்களுக்கு எதுவும் இல்லையேம்மா" என்றாள். கையை நீட்டிக் காட்டினேன். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் உமையாள் சோதித்தார். பஞ்சால் தொட்டார். ஊசி முனையால் தொட்டார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு, கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னார். அது ஆரம்பித்ததே எனக்குத் தெரியவில்லை. பிறகு தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டு, பட்டன் போடச் சொன்னார். ஐந்து பட்டன். முதல் பட்டனிலேயே நின்றுவிட்டேன்.

"மூணு" என்றார் வினோலியாவிடம். அவள் எழுதிக்கொண்டாள்.

காது சோதனை அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் எனக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வயித்துக்குள்ள விடுற இந்த ரெண்டு மருந்தும் இனி உங்களுக்குக் கிடையாது. கையில நரம்பு வழியா வேற மருந்து தருவோம், மிச்சச் சுற்றுக்கு. விரல் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பலாம், வருஷக்கணக்கு ஆகும். காது திரும்பாது."

"தெரியுமுங்க."

"ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன். இவ்வளவு தூரம் வந்திருக்காது. மூணாவது சுற்றே கொடுத்திருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. என்னை அவர் பார்த்த பார்வையில் களைப்புதான் இருந்தது. நானும் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவள்தான்.

"மன்னிச்சுக்குங்க" என்றேன். "திங்கக்கிழமை மெகருன்னிஸாவுக்கு..."

"மத்தவங்களைப் பத்தி உங்ககிட்ட நான் பேசக் கூடாது." பிறகு, "மூணு மணிக்கு முன்னாடி வந்தீங்க. அது போதும்" என்றார்.

அதன் பிறகு படிவங்கள். அழிக்கக் கூடாதாம், மேலே எழுதவும் கூடாதாம். பழைய எண்ணின் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், இன்றைய தேதி, சுருக்கக் கையெழுத்து. முப்பத்தொரு நாளுக்கு மதமதப்பு. நாற்பத்துநான்கு நாளுக்குக் காது. பேனா விரலில் நிற்கவில்லை. வினோலியா பேனாவில் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தாள். "நான் கோடு போடலாமுங்களா?" என்று இவர் கேட்டார். "இல்லை சார், அம்மாதான் போடணும்." எழுபத்தைந்து கோடு. முடிக்கப் பன்னிரண்டரை ஆனது.

அந்தக் கோடுகளுக்கு அடியில் பூஜ்யங்கள் அப்படியே தெரிகின்றன. எப்போதும் தெரியும்.

ஆகஸ்ட் 5, சனி

மெகருக்கு நானே போன் பண்ணினேன். ஆஸ்பத்திரி அவளிடம் யார் என்று சொல்லாது. இவர் ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தார்.

"திங்கக்கிழமை வேண்டாம்னுட்டாங்க அக்கா. ஏன்னு தெரியலை. தள்ளி வச்சிருக்காங்களாம்."

"என்னாலதான் மெகர்." சொன்னேன். விரல், காது, நான் சொன்ன பொய் எல்லாம்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். இவர் அப்புறம் சொன்னார். நான் பேசப் பேச அது நின்றுவிட்டதாம்.

"உங்க கையைப் பாத்துட்டுத்தானே கேட்டேன்" என்றாள். "சேலை நழுவுறதைப் பாத்துட்டுத்தானே, என் விரலைப் பத்திச் சொல்லிட்டுத்தானே கேட்டேன்."

"ஆமாம்."

"என் மககிட்ட உங்க பேரைச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பருப்பு, பீன்ஸ் பொரியல். இவர் சமையல். உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 16, புதன்

வினோலியா வரச் சொன்னாள். சோதனையில் சேர்ந்த எல்லோரிடமும் புதிய தகவல் தாள் கொடுத்து மறுபடி கையெழுத்து வாங்குகிறார்கள். மூன்றாம் அளவை இப்போதைக்கு விட்டுவிட்டார்கள். இன்னும் மூன்று பேருக்கு இரண்டாம் அளவே கொடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் விரலும் காதும் சோதனை, முதல் அறிகுறியிலேயே அளவு குறைப்பு. கேட்டுவிட்டு மட்டும் விடப்போவதில்லை, சோதித்தே பார்ப்பார்கள்.

புதிதாகச் சேர்த்த பத்தியை வினோலியா உரக்கப் படித்தாள். "இரண்டாம் அளவு மருந்து பெற்ற மூவரில் ஒருவருக்கு, கை விரல்களில் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு உணர்வு இழப்பும், நிரந்தரமான செவித்திறன் குறைவும் ஏற்பட்டன."

"மறுபடி படிம்மா" என்றேன். கேட்காததால் இல்லை.

'ஒருவருக்கு'. பெயர் இல்லை, ஊர் இல்லை. இனி இந்தச் சோதனைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போடும் முன்னால் அந்த ஒருவரைப் படிப்பாள். கோணல்மாணலாக நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

கையில் நரம்பு வழியாக வேறு மருந்து, முதல் தடவை. திரும்ப வேண்டியதில்லை, உருள வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெகர் படுத்திருந்தாள். வயிறு உயர்ந்திருந்தது. சேர்ந்துவிட்டாள். மகள் பக்கத்தில் நின்று திருப்பிவிட்டாள். இவர் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னா?"

"தெரிஞ்சு போறது வேற, தெரியாமப் போறது வேறன்னு சொல்லிச்சு."

"என்னைப் பத்தி?"

"கேக்கலை."

செப்டம்பர் 18, திங்கள்

ரத்த அளவு 38. பெரிதாக இறங்கவில்லை. ஏறவும் இல்லை.

வார்டு வாசலில் மெகர் எதிரே வந்தாள். தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள். நான் நின்றேன். அவள் நிற்கவில்லை. அவள் மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் 9, திங்கள்

கடைசிச் சுற்று. வினோலியா ஒரு மைசூர்பாகு கொடுத்தாள். விரலில் எண்ணெய் பட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இனிப்பு மட்டும் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து ஸ்கேன். டாக்டர் உமையாள் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஆபரேஷனில் மிச்சம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட இரண்டு இடமும் சுத்தம். கல்லீரலுக்கு அடியில் மிளகு அளவில் ஏதோ ஒன்று. "தழும்பா இருக்கலாம். நோயாவும் இருக்கலாம். மூணு மாசம் கழிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அந்த மருந்தையே முழுசா வாங்கியிருந்தா இது போயிருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். "தெரியாததனாலதான் சோதனை."

வெளியே வந்து ஆளுக்கொரு காபி குடித்தோம். இவர் என் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு கொடுத்தார். மூன்று மாதம் என்பது பிப்ரவரி. பிப்ரவரியில் வெயில் அவ்வளவு இருக்காது, மருதமலைக்குப் போகலாம் என்றார். படி ஏற வேண்டாம், பஸ் இருக்கிறது.

டிசம்பர் 8, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு மெகர் போன் பண்ணினாள். நான்கு மாதத்துக்குப் பிறகு. பெயரைப் பார்த்ததும் இவர் எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, ஸ்பீக்கரில் போடாமல், வாசல் பக்கம் போய்விட்டார்.

எடுத்த எடுப்பில் சொன்னாள்: "நாலாவது சுற்று முடிஞ்சு ரெண்டாம் நாளு இடது சுண்டுவிரல் நுனி ஒரு மாதிரி இருந்துச்சு. எறும்பு ஊர்ற மாதிரி. அன்னைக்கே வினோலியாவுக்குப் போன் பண்ணிட்டேன். மருந்தைக் குறைச்சுட்டாங்க. இப்ப அதுவும் போயிடுச்சு. நேத்து ஒரு கல்யாண ப்ளவுஸ் முடிச்சேன். ஆறாவது சுற்று வர்ற வாரம்."

"சந்தோஷம் மெகர்."

"உங்க மேல கோபம் இன்னும் போகலை."

"போக வேண்டியதில்லை."

கட் பண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள். ஜூலையில் கேட்ட அதே மூன்று சொல்தான். ஆனால் அன்றைக்கு மாதிரி அவசரமாகக் கேட்கவில்லை.

சொன்னேன். விரல் நுனி இன்னும் வரவில்லை, பாதத்தில் கொஞ்சம் வந்திருக்கிறது, தரை குளிர்ந்தால் தெரிகிறது என்றேன். வலது காதில் மணி அடித்தாலும் கேட்பதில்லை என்றேன். மிளகு அளவு ஒன்று இருக்கிறது, அது என்ன என்று யாருக்கும் தெரியாது, பால்காரர் வரும் நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது, அப்போது பயமாக இருக்கிறது, இவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன் என்றேன். இவருக்கு ரசம் வைக்கத் தெரியாது, கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் புளி அளவு வரவில்லை என்றேன். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் குறுக்கே பேசவில்லை.

முடித்த பிறகுதான் மெகர் பேசினாள்.

"சரி. இப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்றாள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை இடது காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டேன். அதில்தான் கொஞ்சம் நன்றாகக் கேட்கும்.